கோப்பைகளுக்குக் கீழே

ஆசிரியருக்கு,

நியூசிலாந்து ரக்பி பற்றிய கட்டுரை தேசிய அணியான ஆல் பிளாக்ஸோடு நின்றுவிட்டது. 2006 முதல் நடக்கும் ஹார்ட்லேண்ட் போட்டியையும் தொட்டிருக்கலாம். நாட்டுப்புற வட்டாரங்களின் 12 அணிகள் அதில் ஆடுகின்றன. லீக் சுற்றில் முதல் நான்கு இடம் பிடித்தவை மீட்ஸ் கோப்பைக்கு, அடுத்த நான்கு லோச்சோர் கோப்பைக்கு. (முன்னாள் ஆல் பிளாக்ஸ் வீரர்களான காலின் மீட்ஸ், பிரையன் லோச்சோர் இருவருமே விவசாயிகள், பொருத்தமான பெயர்கள்தான்.) ஆறாம் இடத்தில் தடுமாறும் அணிக்கும் கடைசி வாரம்வரை ஆட ஒரு காரணம் இருக்கிறது. கெட்டிக்கார ஏற்பாடு.

ஆனால் அந்த அணிகளுக்கு ஆள் தரும் கிராம கிளப்களின் பாடு வேறு. பால் கறக்கவும் மாட்டுப் பிரசவம் பார்க்கவும் நாலு பேர் நின்றுவிட்டால் பதினைந்து பேர் சேர மாட்டார்கள். இரு அணியினரும் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசைக்குப் பழகியவர் வேண்டும். யாரையாவது நிறுத்தினால் கழுத்துக்கு ஆபத்து. ஆள் குறைந்த கிளப்புக்குத் தோல்விப் புள்ளியும் அபராதமும் விதிப்பதில் என்ன பயன்? அடுத்த ஆண்டு அது பதிவே செய்யாது. பத்துப் பேர் ஆட்டம், தள்ளாத ஸ்க்ரம், பக்கத்து கிளப்பிலிருந்து இரவல் வீரர் ஆகியவற்றைச் சலுகையாக அல்ல, விதியாகவே எழுதி வைக்கலாம். கிளப் போட்டிகளின் இறுதி ஆட்டத்தையும் எப்போதும் நகரத்து மைதானத்துக்கே கொடுக்க வேண்டாமே.

ஒரு வாசகர்,
வெலிங்டன்