கார் சரி, வயரை எங்கே இழுப்பது?

பெறுநர்:
மதுரை மண்டலத் தலைமைப் பொறியாளர்,
தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்.



2023-ல் தமிழக அரசு வெளியிட்ட மின்வாகனக் கொள்கை, முன்னோடி மின்வாகன நகரங்களாக ஆறு ஊர்களைச் சொன்னது. அதில் மதுரையும் உண்டு. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலையும் திறந்தாயிற்று. இருந்தும் கே.கே. நகரில் பெட்ரோல் காரை மாற்ற நினைப்பவர்களில் பலர் ஷோரூம்வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். பாதி வழியில் சார்ஜ் இறங்கிவிடும் என்ற பயமே காரணம் என்கிறார்கள். எங்களுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கும், மாட்டுத்தாவணிக்கும், மேலூர் சாலை உயர் நீதிமன்றக் கிளைக்கும் ஓடுகிற காருக்கு அந்தப் பயம் எதற்கு?

சிக்கல் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருக்கிறது. மீட்டர் பெட்டிகள் வாசல் பக்கச் சுவரில் வரிசையாக இருக்கும். கார் நிற்பதோ பின்பக்கம், கடைசித் தூணை ஒட்டி. இடையில் பொதுச் சுவரும் அடுத்தவர் பார்க்கிங்கும். பொது இணைப்பில் சார்ஜ் போட்டால், "உங்க காருக்கு நாங்க ஏன் கட்டணும்?" என்பார்கள். நியாயம்தான். சொந்த மீட்டரிலிருந்து இழுக்கலாமா, எந்தத் தடிமனில் வயர், லோடு கூட்ட எழுதிக்கொடுக்க வேண்டுமா, சிங்கிள் ஃபேஸ் தாங்குமா? எலக்ட்ரீசியன் ஒன்று சொல்கிறார், கார் விற்பவர் வேறொன்று சொல்கிறார். "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்று சங்கச் செயலாளர் கேட்டதும் பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களின் தயக்கம் வேறு. கொடைக்கானல் போய் வந்த கையோடு ராத்திரியே ராமேஸ்வரம் சவாரி வந்தால், பெட்ரோல் வண்டிக்கு ஐந்து நிமிடத்தில் டேங்க் நிரம்பிவிடும். மின்சாரக் காருக்கு வேக சார்ஜரிலும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் போய்விடும். வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றால், இருப்பது வாடகை வீடு, வண்டி நிற்பது தெருவில். யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைத்து வசூலிக்கும் வீட்டு உரிமையாளரிடம் காருக்கும் கரண்ட் கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்?

அப்புறம் பில். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 280 யூனிட் ஆகும். 420 யூனிட் செலவழிக்கும் வீடு 700-க்குப் போய்விடும். 500-ஐத் தாண்டியதுமே கீழ்ப்படிச் சலுகையும் குறைகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு ரூ. 8.55, அதற்கு மேல் 800 வரை ரூ. 9.65. அப்படியும் பெட்ரோல் செலவோடு பார்த்தால் இது கால்வாசிக்கும் குறைவு. ஆனால் ஏசியும் கிரைண்டரும் காரும் ஒரே ரீடிங்கில் வரும்போது அந்தக் கணக்கு யார் கண்ணுக்குத் தெரியும்? 2021 தேர்தலில் வாக்குறுதியாகத் தந்த மாதாந்திர மீட்டர் கணக்கெடுப்பு வந்தால் பாதிக் குழப்பம் தீரும். அது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும்.

உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறோம். அடுக்குமாடியில் சொந்த மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு வயர் இழுக்க என்ன விதி, எந்தப் படிவம், யார் வந்து பார்ப்பார், எவ்வளவு கட்டணம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொரு பிரிவு அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். வாடகை வண்டிகளுக்கு, மாட்டுத்தாவணியை ஒட்டி நிழலும் கழிப்பறையும் உள்ள இடத்தில் இரவிலும் இயங்கும் வேக சார்ஜர்கள் வேண்டும். மாநகராட்சி இடம் தந்தால் இணைப்பு தரத் தயார் என்று நீங்கள் முதலில் ஒரு கடிதம் போடுங்கள். மாநகராட்சிக்கான மடலை அடுத்த இதழில் நாங்கள் எழுதுகிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு