ஜாக் தூக்கும், தாங்காது

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று கூட்டம் இன்னும் பெருகுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்காகக் குடிநீர், மருத்துவ முகாம், தற்காலிகப் பேருந்து நிலையம், வாகன நிறுத்தம் என்று நிர்வாகம் முன்கூட்டியே திட்டமிடுகிறது. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் கார்களில் சில சூடேறி நிற்கும், சில பஞ்சராகும், சிலவற்றுக்குக் கிளட்ச் போகும். அவற்றைச் சரிசெய்து ஊர் திரும்ப வைப்பவர்கள் செங்கம் சாலை, வேலூர் சாலை, திண்டிவனம் சாலை ஓரங்களில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்குகள். திருவிழா ஏற்பாடுகளில் அவர்களுடைய உயிர்ப் பாதுகாப்பும் ஒரு பகுதியாக வேண்டும்.

காருக்கு அடியில் படுத்திருப்பவரின் மேலே நிற்பது பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு டன்னோ அதற்கு மேலோ உள்ள எடை. ஹைட்ராலிக் ஜாக்கில் அந்த எடையைப் பிடித்திருப்பது உள்ளே அடைபட்ட எண்ணெய். எண்ணெயைக் கசியவிடாமல் காப்பது ஒரு சிறிய சீல். சீல் தேய்ந்தால் ஜாக் மெல்லவும் இறங்கலாம், ஒரேயடியாகவும் இறங்கலாம். மண் தரையில் ஜாக்கின் அடி ஒரு பக்கம் புதைந்தாலே வண்டி சரிந்துவிடும். ஆகவே, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முதலில் கட்டை கொடுக்க வேண்டும். வண்டியைத் தூக்கியதும் அதன் உறுதியான பாகத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, ஜாக்கைத் தளர்த்தி எடையை அவற்றின்மேல் உட்கார வைக்க வேண்டும். ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ ஸ்டாண்டுக்கு ஈடாகாது. இரும்பு வளைந்து எச்சரிக்கும். கல் சொல்லாமல் நொறுங்கும்.

"இத்தனை வருடமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்பது தொழிலில் பழகியவர்கள் சொல்லும் பதில். அவர்களுடைய கைத்திறனில் ஐயமில்லை. ஆனால் சீல் எப்போது விடும் என்பதைக் கைத்திறன் தீர்மானிப்பதில்லை. ரேடியேட்டரும் அப்படித்தான். மூடிய ரேடியேட்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். இன்ஜின் ஆறும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. அந்த நேரத்தை மெக்கானிக்கிடமிருந்து பறிப்பது பெரும்பாலும் "சீக்கிரம் முடிங்க" என்று தலைக்குமேல் நிற்கும் வண்டிக்காரரின் அவசரம். பாதுகாப்பில் வாடிக்கையாளருக்கும் பொறுப்பு உண்டு.

சிறு ஷெட்டுகளைக் கட்டுப்பாடுகளால் நசுக்கக் கூடாது என்ற வாதம் நியாயமானது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் பொருந்தும் என்றது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்தியது. இரண்டு மூன்று பேர் உழைக்கும் ஷெட் இந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. அபராதப் புத்தகத்தோடு அதிகாரி வருவது இதற்குத் தீர்வாகாது. கருவி வந்து சேர வேண்டும். ஆட்டோ, வாடகை ஊர்தி ஓட்டுநர்களோடு வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. விபத்தில் இறந்தாலோ ஊனமுற்றாலோ அது உதவித்தொகை தருகிறது. குடும்பத்துக்கு அது அவசியமான உதவிதான். அதே வாரியம் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி ஸ்டாண்டு, சக்கரக் கட்டைகள், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை வழங்கினால் அந்தத் தொகை தேவைப்படும் வீடுகள் குறையும்.

2024இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலை இதில் முன்னோடியாகலாம். தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது ஸ்டாண்டும் தீயணைப்பானும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கலாம். இல்லாதவருக்கு அவற்றை வாங்க உதவலாம். பௌர்ணமி வாகன நிறுத்தங்களில் சமமான சிமென்ட் தரை, நல்ல விளக்கு, ஸ்டாண்டுகளோடு ஒரு பழுதுபார்க்கும் இடம் ஒதுக்கினால், இருட்டில் சாலையோர மண்ணில் ஜாக் போடும் நிலை பெருமளவு குறையும். பக்தர்களின் பயணத்தைப் பாதுகாக்கச் செலவிடும் நகரம், அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கும் தொழிலாளிக்கும் அதே கடமைப்பட்டிருக்கிறது.