கடல் கடந்த வாக்குறுதி

வட அயர்லாந்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்த ஆயுத மோதலின் வரலாற்றை, அதில் ஈடுபட்டோரின் வாய்மொழியாகவே திரட்டி வைக்க அமெரிக்காவின் பொஸ்ரன் கல்லூரி 2001ஆம் ஆண்டில் முற்பட்டது. நோக்கம் நன்றே. பேட்டி கண்டவர்கள் அம்மண்ணின் மைந்தர்கள். முன்னாட் போராளி அன்ரனி மக்கின்ரயர் அவர்களுள் ஒருவர். ஒலிநாடாக்கள் கடல் கடந்து கல்லூரி நூலகத்தை அடைந்தன. தாம் இறக்கும்வரை அவை வெளிவரமாட்டா என்ற வாக்குறுதியை நம்பியே பேசியவர்கள் வாய் திறந்தனர்.

அவ்வாக்குறுதியின் பெறுமதி யாது? திட்டத்தின் பணிப்பாளர் எட் மொலனியுடன் கல்லூரி செய்த ஒப்பந்தத்தில், அமெரிக்கச் சட்டம் இடந்தரும் அளவுக்கே இரகசியம் காக்கப்படும் என்ற வரம்பு இருந்தது. பேசியவர் கையொப்பமிட்ட தாளிலோ அவ்வரம்பு இல்லை! சட்டம் பயின்றோர் எவரும் இதனைச் சிறு எழுத்துப் பிழையெனக் கொள்ளார். ஆபத்தை ஏற்றவனுக்கே அதன் அளவு மறைக்கப்பட்டது.

2011இல், பிரித்தானிய அதிகாரிகளின் வேண்டுகோளின்பேரில் அமெரிக்க அரசு அழைப்பாணை பிறப்பித்தது. 1972இல் கடத்திக் கொல்லப்பட்ட, பத்துப் பிள்ளைகளின் தாயான ஜீன் மக்கொன்வில் பற்றிய விசாரணை அது. மேன்முறையீட்டு மன்றம் ஒப்படைக்கவேண்டிய பகுதிகளை 85இலிருந்து 11ஆகக் குறைத்தது. அவை 2013இல் வட அயர்லாந்துப் பொலிசாரின் கைக்குச் சென்றன.

தாயை இழந்த பிள்ளைகள் உண்மையைக் கேட்டது குற்றமன்று. கொலை விசாரணைக்கு ஆராய்ச்சியாளர் அப்பாற்பட்டவர் என்று நாம் வாதாடவும் இல்லை. கொடுக்க இயலாததைக் கொடுப்பதாகக் கூறியதே பிழை. அதனால் அப்பிள்ளைகளுக்கேனும் நீதி கிட்டிற்றா? அவ்வழக்கில் ஐவர் பெல் என்பவருக்கு எதிராக முன்வைக்கப்பட்ட ஒலிநாடாவை, நம்பத்தக்கதன்று என 2019இல் பெல்பாஸ்ற் நீதிமன்றம் தள்ளிவிட்டது; அவர் விடுதலையானார்.

கல்லூரி தன் ஊரில் பத்திரமாகவே இருந்தது. பெல்பாஸ்ற் சுவர்களிலோ, பேசியோரைக் காட்டிக்கொடுப்போரென வையும் எழுத்துக்கள் தோன்றின. 2016இல் மக்கின்ரயரின் சொந்த ஒலிப்பதிவுகளைக் கோரியும் அழைப்பாணை பிறந்தது.

போர் ஓயாத நாடுகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்லும் பல்கலைக்கழகங்களை நாம் கேட்பது இதுவே: முதற் கேள்வியைத் தொடுக்குமுன், இரு நாட்டுச் சட்டத்தரணிகளிடமும் கருத்துப் பெறுங்கள். நீதிமன்றம் கேட்டால் கொடுக்க நேரும் என்பதைப் பேசுபவரின் மொழியிலேயே, அவர் ஒப்பமிடும் தாளிலேயே எழுதுங்கள். நாடா எங்கே இருக்கவேண்டும் என்ற தீர்மானத்தில், அவர்களோடு அங்கே தொடர்ந்து வாழவேண்டிய உள்ளூர் ஆய்வாளருக்கும் சம உரிமை வழங்குங்கள். அதன்பின் பேச மறுப்பவர் மறுக்கட்டும்.