கைச்சுருளும் பிடிகொழுக்கட்டையும்

புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்திலிருந்து அன்பர் ஒருவர், "ஜப்பானியர் 'தெமாகி' என்பதன் பொருள் யாது? தமிழில் எங்ஙனம் வழங்கலாம்?" என்று வினவுகிறார்.

'தெ' என்பது கை; 'மாகி' என்பது சுருட்டுதல். காடி கலந்த சோற்றையும் மீனையோ காய்கறியையோ கடற்பாசித் தாளில் வைத்து, கையாலேயே கூம்பாகச் சுருட்டி, தாள் நமுத்துப்போகுமுன் உண்பார்கள். முழுப்பெயர் 'தெமாகிஜுஷி'. சுஷி இங்கே ஜுஷியாகத் திரிகிறது. புணர்ச்சி விதி தமிழருக்கு மட்டுமே வாய்த்த தொல்லையன்று என்று மாணாக்கர் ஆறுதல் கொள்ளலாம்!

இச்சொல் உணவுக்கு மட்டும் உரியதன்று. கையால் சுருட்டும் சிகரெட்டுக்கும், கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கும் ஜப்பானியர் 'தெமாகி' என்றே அடை கொடுக்கின்றனர். சொல்லின் உயிர் பண்டத்தில் இல்லை. கையின் தொழிலில் இருக்கிறது.

நமது பிடிகொழுக்கட்டையும் அவ்வாறு பெயர் பெற்றதே. பிடித்த விரல்களின் தடம் அதில் பதிந்திருக்கும். கையால் பிடித்துச் செய்யும் சுஷிக்கு ஜப்பானியர் இட்ட 'நிகிரி' என்ற பெயருக்கும் பிடி என்பதே பொருள்.

ஆதலின் தெமாகியைக் 'கைச்சுருள்' எனலாம் என்பது நம் கருத்து. வெறும் 'ரோல்' என்றால் சுருள் மிஞ்சும், கை போய்விடும். சொல்லை விட்டுப் போன கை, அடுக்களையில் மட்டும் எத்தனை நாள் தங்கும்?