ரேடார் எக்ஸ்ரே அல்ல

“தரை ஊடுருவும் ரேடாரை ஓட்டிவிட்டால் போதும், மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் இருப்பது எக்ஸ்ரே போலத் தெரிந்துவிடும்” என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கருவி அருமையானது, இந்த நம்பிக்கை ஆபத்தானது.

1. “பொருள் அப்படியே தெரியும்.”
தெரிவது எதிரொலி மட்டுமே. ரேடியோ அலை, ஊடகத்தின் மின்பண்பு மாறும் இடத்தில் பட்டுத் திரும்புகிறது. கம்பியானாலும் குழாயானாலும் திரையில் கவிழ்ந்த வளைவாகத்தான் விழும். ரேடார் பதிவை வைத்து, பண்டைய எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறைச் சுவர்களுக்குப் பின்னால் மறைவான அறைகளும், அவற்றுள் உலோகமும் கரிமப் பொருளும் இருக்கலாம் என்று 2016 மார்ச்சில் எகிப்து அறிவித்தது. உலகமே பரபரத்தது. இத்தாலியின் டூரின் பாலிடெக்னிக் குழு விரிவாக ஆய்வு செய்தபின், அங்கே அறைகளே இல்லை என்று 2018இல் முடிவானது.

2. “எவ்வளவு ஆழமும் பார்க்கலாம்.”
வறண்ட மணலில் பல மீட்டர் இறங்கும் அலை, ஈரக் களிமண்ணில் ஒரு மீட்டருக்குள்ளேயே ஓய்ந்துவிடலாம். அதிர்வெண்ணைக் குறைத்தால் ஆழம் கூடும். ஆனால் சிறிய பொருள்கள் தப்பிவிடும். கான்கிரீட்டில் கம்பி நெருக்கமாக இருந்தால் அதற்குக் கீழே உள்ளது மறைந்துபோகும்.

3. “ஆழம் துல்லியமாக வரும்.”
கருவி அளப்பது அலை போய்வரும் நேரத்தை. ஆழம் அதிலிருந்து போடும் கணக்கு. வறண்ட மணலில் நானோ நொடிக்கு ஏறத்தாழ 15 செ.மீ. ஓடும் அலை, நீர் ஊறிய மணலில் 6 செ.மீ.தான் ஓடும். ஈரத்தைக் கணக்கில் எடுக்காத ஆழம் வெறும் ஊகம்.

4. “எதுவும் தெரியவில்லை என்றால் எதுவும் இல்லை.”
இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தை 2011இல் ரேடாரால் ஆராய்ந்தார்கள். பழைய மடாலயத்தின் சுவர்கள் தெளிவாகப் புலப்படவில்லை. இடிபாடுகள் அவற்றை மறைத்திருந்தன. 2012 ஆகஸ்டில் அங்கேயே தோண்டியபோது மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு கிடைத்தது.

அப்படியானால் ரேடார் வீணா? இல்லவே இல்லை. இத்தாலியின் ஃபலேரி நோவி என்ற ரோமானிய நகரம் முழுவதையும் தோண்டாமலே வரைபடமாக்கியது இதே கருவிதான். அந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஏற்ற மண்ணும் நெருக்கமான அளவீடும் தேர்ந்த வாசிப்பும் சேர்ந்தால் அதன் பயன் பெரிது.

ஆகவே, ஸ்லாபில் துளை போடுமுன், சாலையைத் தோண்டுமுன் ரேடார் பாருங்கள். கூடவே கட்டட வரைபடத்தையும் குழாய், கேபிள் பதிவுகளையும் ஒப்பிடுங்கள். சந்தேகமான இடத்தில் கையால் மெல்லத் திறந்து உறுதிசெய்யுங்கள். கான்கிரீட்டுக்குள் இழுத்து இறுக்கிய கேபிளையோ மின்கம்பியையோ அறுத்தபின் வருந்துவதால், போன உயிர் திரும்பாது.