ஐந்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு மண்டபம்?



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு பிறந்த நாள் விழாவுக்குப் போயிருந்தேன். வேறு யாருமில்லை, என் தங்கையின் பேத்திதான். ஐந்து வயது. தங்கை மகள் ஒரு மாதத்துக்கு முன்பே போன் செய்து, "பெரியம்மா, இந்த வருஷம் சும்மா கேக் வெட்டுற பார்ட்டி இல்ல. ஆக்டிவிட்டி தீம். பிள்ளைங்க எல்லாத்தையும் தன் கையால செய்யப் போறாங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், கட்டாயம் வரணும்" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்று முப்பத்து நாலு வருஷம் தொண்டை வற்றக் கத்தியவள் நான். பட்டுப்புடவையை எடுத்து வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

(இதை எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "பேர் போடாம எழுதிக்கோங்க பெரியம்மா" என்றாள். நல்ல பெண். என் சண்டை அவளோடு இல்லை.)

அங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏ.சி. மண்டபம். 120 பேர் சாப்பாட்டுக்கு ஏற்பாடு. அதில் குழந்தைகள் முப்பது பேர் இருந்தால் அதிகம். சுற்றிலும் ஐந்து கடை: பானை வனைதல், டி-ஷர்ட்டில் பெயின்டிங், கப் கேக் அலங்காரம், ஸ்லைம் செய்தல், கையில் டாட்டூ. நடுவில் மைக் பிடித்த ஒரு தம்பி. ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. அழைப்பிதழில் மாலை 6.30 என்று போட்டிருந்தது. அப்பாவின் ஆபீஸ் மேலதிகாரி வரத் தாமதமானதால் கேக் வெட்டியது 8.15-க்கு. அதற்குள் பிறந்த நாள் குழந்தை பளபளக்கும் கவுனைச் சொறிந்து சொறிந்து கழுத்தெல்லாம் சிவந்து, "எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டாள்.

பானைக் கடைப் பக்கம் போய் நின்றேன். மோட்டார் வைத்த சக்கரம். வயதான ஒரு பெரியவர். குழந்தையை மடியோரம் உட்கார வைத்து, அதன் இரண்டு கையையும் தன் கைக்குள் பிடித்து, அவரே வனைகிறார். போட்டோ எடுத்ததும் "அடுத்து!" ஒரு பிள்ளை களிமண்ணைத் தானாக ஒரு விரலால் அழுத்திப் பார்த்தது. பானை கோணிக்கொண்டது. அதன் முகத்தில் என்ன ஒரு ஆச்சரியம்! உடனே பெரியவர் சரிசெய்து நேராக்கிவிட்டார். "விட்டுப் பாருங்களேன் ஐயா" என்றேன். "என்னம்மா பண்றது, ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம்னு சொல்லியிருக்காங்க. வரிசையைப் பாருங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஈரப் பானையை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது அல்லவா? அதனால் ஏற்கெனவே சுட்டு, வர்ணம் பூசி, பெட்டியில் அடுக்கி வைத்திருந்த குட்டிப் பானையை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். என் பேத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "பெரிய அம்மாச்சி, இது நான் செஞ்சது இல்ல."

மொத்தச் செலவு ரூ.68,000. அந்தப் பணத்தைவிட, அந்த ஒரு வாக்கியம்தான் ஒரு வாரமாக என்னைத் தூங்க விடவில்லை.

இதற்கு ஆக்டிவிட்டி என்று பெயர் வைப்பதுதான் என் கோபம். கேக் வெட்டி, பிரியாணி போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். செயல் என்றால் பிள்ளை தொடங்க வேண்டும், தடுமாற வேண்டும், தானே முடிக்க வேண்டும். அது கோணலாக வந்தாலும் அதன் பெயர்தான் செயல். பெரியவர் கையால் நடந்து, பிள்ளை முகம் போட்டோவில் விழுந்தால் அதற்குப் பெயர் நடிப்பு. ஐந்து வயதிலேயே, தான் செய்யாததைத் தான் செய்ததாகக் காட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறோம். அதுவும் பிறந்த நாளன்று.

2007-08 வாக்கில் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்த சமயம். பாயில் வட்டமாக உட்காருவீர்கள். ஏணிப்படியைப் பார்த்து அவரவர் அட்டையை எடுப்பீர்கள். கீழ்மட்டக் கரும்பலகையில் ஆளுக்கொரு கட்டம். முடித்த படத்தைக் கம்பிப் பந்தலில் தொங்கவிடுவீர்கள். ஒருவன் மூன்று நாள் ஒரே அட்டையில் நிற்பான், இன்னொருத்தி ஒரே நாளில் மூன்று அட்டை தாண்டுவாள். அந்த முறையில் குறையே இல்லையா என்றால், நிறைய உண்டு. ஒன்றை நானே ஒப்புக்கொள்கிறேன். அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்றால், பந்தலில் தொங்கிய உங்கள் கோணல் யானைகளை ராத்திரி உட்கார்ந்து நான் திருத்தி வரைந்திருக்கிறேன். அந்தப் பானைக்காரப் பெரியவர் செய்ததைத்தான் நானும் செய்தேன். அதனால்தான் அவரைப் பார்த்ததும் சுருக்கென்றது.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து, போரினால் ஊர் திரும்ப முடியாமல், 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். ஆசிரியர் பயிற்சியில் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். எனக்குக் கடைசிவரை உதவியது ஒன்றுதான்: ஒரு வேலையில் மூழ்கியிருக்கிற குழந்தையை இடையில் புகுந்து கலைக்காதே. பாராட்டுவதற்காகக்கூடக் கலைக்காதே. மண்டபத்தில் நடந்ததோ முழுக்க முழுக்கக் கலைப்பதுதான். "அடுத்து, அடுத்து" என்று ஐந்து கடைக்கும் துரத்தினால் எந்தப் பிள்ளை எதில் மூழ்கும்?

அடுத்து ரிட்டர்ன் கிஃப்ட். போன மாதம் ஒரு வீட்டில் டிபன் பாக்ஸ் கொடுத்தார்களாம், அதனால் இங்கே பள்ளிப் பை. அடுத்த வீட்டில் என்ன, சைக்கிளா? வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். நாலைந்து பேர் வரவில்லை. "ஊருக்குப் போயிட்டாங்களாம்" என்றாள் தங்கை மகள். போயிருக்கலாம். ஆனால் எனக்கு வேறு ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தது.

நம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை ஓரத்தில் பிறந்த நாள் எழுதுவேனே, ஞாபகம் இருக்கிறதா? உங்களில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம். வயதுக் கணக்கு சரியாக வரட்டும் என்று சேர்க்கையின்போது பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி அது, சிரிக்காதீர்கள். அன்று பிறந்த நாள் பிள்ளை புதுத்துணியில் வந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுக்கும். நாம் கை தட்டுவோம். ஒரு பெண் பிள்ளைக்கு ஆகஸ்டில் பிறந்த நாள். மூன்றாம் வகுப்பில் அன்று அவள் வரவில்லை. நாலாம் வகுப்பிலும் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்பில் அவள் அம்மா வயல் வேலையிலிருந்து நேராக வந்து, சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்று சொன்னார்: "டீச்சர், நாளைக்கு அதோட பேரைப் போர்டுல எழுதாதீங்க. முட்டாய் வாங்கக் காசு இல்லைன்னு ஒவ்வொரு வருஷமும் வீட்டுலயே ஒளிஞ்சுக்குது."

நாற்பது மிட்டாய் பத்து ரூபாய்கூட இருக்காது அப்போது. மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை தன் பிறந்த நாளுக்குப் பயந்திருக்கிறது, நான் கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றோடு மிட்டாயை நிறுத்தினேன். பிறந்த நாள் பிள்ளைக்கு நாம் எல்லோரும் ஆளுக்கொரு படம் வரைந்து கொடுப்பது, அன்றைய விளையாட்டை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுப்பது என்று மாற்றினோம். பின்னால் வந்த செட் பிள்ளைகளுக்கு இதுதான் வழக்கம். ஏன் வந்தது என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா, நீ இதைப் படித்தால், இந்த டீச்சரை மன்னித்துவிடு.

மிட்டாய்க்கே அப்படி என்றால், பள்ளிப் பை கொடுக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு வர எந்த வீட்டுப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? வராத அந்த நாலைந்து பேரைப் பற்றி யோசியுங்கள்.

இனி நீங்கள் சொல்லப் போகும் பதில்களுக்கு வருகிறேன்.

"எங்க பணம், எங்க பிள்ளை." சரிதான். ஆனால் பிள்ளை உங்கள் மேலதிகாரிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்ததே, அது யாருடைய பிறந்த நாள்? பெரியவர்களுக்கு விருந்து வைக்க ஆசை என்றால் தாராளமாக வையுங்கள், இன்னொரு நாளில்.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், நேரமில்லை." மண்டபம் தேடி, மெனு பேசி, பின்னணிப் பேனருக்கு டிசைன் பார்த்து ஒரு மாதம் அலைந்த நேரம் யாருடையது? நான் கீழே சொல்வதற்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதும்.

"வீடு சின்னது." எட்டுப் பிள்ளைகள் உட்கார ஒரு ஹால் போதும். மொட்டை மாடி இருந்தால் அரண்மனை.

இன்னொரு விஷயம். கேஸ் பலூன் என்று பல இடங்களில் அடைப்பது ஹைட்ரஜன், தீப்பற்றும். நுரை ஸ்ப்ரேயும் தீப்பற்றும். இரண்டையும் மெழுகுவத்திப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையை நடுவில் நிறுத்துகிறோம். அலங்காரத் தெர்மாகோலும், பலூனுக்கு வைக்கும் பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அந்த மண்டபத்தில் இரண்டும் இருந்தன.

குறை மட்டும் சொன்னால் வாத்தியார் புத்தி என்பீர்கள். அதனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் போடும் திட்டம் இதோ:

1. வயதோடு ஒன்று கூட்டி அத்தனை பிள்ளைகளை அழையுங்கள். ஐந்து என்றால் ஆறு. மனசு கேட்காவிட்டால் எட்டு. யார் யார் என்று பிள்ளையே சொல்லட்டும்.

2. நேரம் காலை 10 முதல் 12 வரை. தூங்கி எழுந்த முகத்தோடு வருவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு எந்தப் பிள்ளையும் பிள்ளையாக இருக்காது.

3. ஒரே ஒரு செயல். அதற்கு நாற்பது நிமிஷம். களிமண் உருட்டலாம். வெண்டைக்காய்க் காம்புப் பக்கத்தை வெட்டி வர்ணத்தில் தோய்த்துப் பூ அச்சு வைக்கலாம். கொட்டாங்கச்சியில் மண் நிரப்பி வெந்தயம் விதைக்கலாம், இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது இது: வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீரில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து அதில் வரையச் சொல்லுங்கள். கோடு சிவப்பாக வரும். பிள்ளைகள் கத்துகிற கத்தலைக் கேட்க வேண்டுமே! மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவப்பதும் இதே காரணத்தால்தான் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஆரத்தியும் எடுத்துவிடுங்கள்.

4. பெரியவர்கள் கை கட்டி உட்காருங்கள். கேட்டால் மட்டும் உதவி. போட்டோ கடைசியில் ஒன்றே ஒன்று.

5. பிறகு அரை மணி விளையாட்டு. கல்லா மண்ணா, கண்ணாமூச்சி, பூப்பறிக்க வருகிறோம். பரிசு வேண்டாம்.

6. சாப்பாடு: இட்லி, கேசரி, வாழைப்பழம், ஒரு சின்ன கேக். போதும்.

7. பரிசு கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போகும்போது தான் செய்ததைத் தானே எடுத்துப் போகட்டும். அதுதான் ரிட்டர்ன் கிஃப்ட்.

விழா முடிந்து இரண்டு நாள் அங்கேயே தங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை கீழே செடி விற்பவரிடம் கொஞ்சம் களிமண் கேட்டு வாங்கி, பால்கனியில் பேப்பரை விரித்து, பேத்தியை உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் மணி நேரம் அவளும் பேசவில்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு உருட்டினாள், தட்டினாள், உடைத்தாள், மறுபடி உருட்டினாள். கடைசியில் ஒரு பக்கம் சாய்ந்த கிண்ணம் மாதிரி ஒன்று வந்தது. தண்ணீர் ஊற்றினால் நிச்சயம் ஒழுகும்.

சாயங்காலம் அவள் அம்மா ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் இழுத்துப் போய்க் காட்டினாள்: "இது நான் செஞ்சது."

தங்கை மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியில் இருந்த வர்ணப் பானையைத் தள்ளி வைத்துவிட்டு, இதை அந்த இடத்தில் வைத்தாள்.

உங்கள் வீட்டிலும் இந்த வருஷம் ஒரு பிறந்த நாள் வரும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கிழவிக்கு ஒரு போன் போடுங்கள். மஞ்சள் தாள் நான் தயார் செய்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்