சத்தம் வேறு, சக்தி வேறு!

இரவு மணி 11. ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த சேக்காட்டில் தெருக்கள் அடங்கிவிட்டன. தொட்டிலில் குழந்தை இப்போதுதான் கண் மூடியது. காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய தகப்பனாரும் படுத்துவிட்டார்.

திடீரென்று இடி இடித்ததுபோல் ஒரு முழக்கம்! மழை இல்லை, வெடியும் இல்லை. சைலன்சரை மாற்றிய கார் ஒன்று தெருவைக் கடக்கிறது. கார் ஒரு நொடியில் போய்விடுகிறது. குழந்தையின் அழுகை ஓய அரை மணி நேரம் ஆகிறது.

இப்படிக் கார் ஓட்டுகிற வாலிபர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் வேகமான கார் வாங்குகிறார்கள். அதை இன்னும் வேகமாக்க ஆசைப்படுகிறார்கள். "சைலன்சரை மாற்று, வண்டி பறக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறார்கள். ஆனால் வண்டி பறக்குமா?

சைலன்சர் செய்யும் வேலை

4 சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றும்போது, அதற்குள் நொடிக்கு 100 தடவை பெட்ரோல் எரிகிறது. ஒவ்வொரு தடவையும் சூடான புகை சீறி வெளியே வருகிறது. அந்தச் சீற்றம்தான் சத்தம். சைலன்சருக்குள் அறைகளும் துளை போட்ட குழாய்களும் இருக்கின்றன. அவற்றில் புகுந்து வரும்போது புகையின் சீற்றம் தணிகிறது. சத்தமும் அடங்குகிறது.

சைலன்சருக்கு முன்னால், எஞ்சினை ஒட்டி, இன்னொரு சிறு பெட்டி உண்டு. அதன் பெயர் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் அதில் பூசப்பட்டிருக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களை அது பெரும்பாலும் மாற்றிவிடுகிறது. சென்னை உள்பட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-ஆம் ஆண்டு இது கட்டாயம் ஆனது.

வேகம் கூடுமா?

நேர்மையான மெக்கானிக்கிடம் போனால் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, சைலன்சரை மாத்தினா வேகம் கூடுமா?"

"தம்பி, கடைசிப் பெட்டியை மட்டும் மாத்தினா சத்தம்தான் கூடும். கொஞ்சம் எடை குறையும். அவ்வளவுதான்."

"கன்வர்ட்டரையே எடுத்துட்டா?"

"டர்போ வண்டியிலே கொஞ்சம் சக்தி கூடும். ஆனா அந்த விஷப் புகையை உன் தெருக்காரங்கதானே சுவாசிக்கணும்!"

அவர் சொல்வது சரி. கன்வர்ட்டரை எடுத்தால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும். புகைச் சோதனையில் வண்டி தேறாமல் போகலாம். கம்பெனி வாரண்டியும் கை விட்டுப் போகலாம். டர்போ இல்லாத வண்டிக்கு அளவு மீறிப் பெரிய குழாய் போட்டால், மெதுவாகப் போகும்போது இழுவை குறையும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் காருக்குள் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். பின் சீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தலைவலி வரும்! குழாய் தாழ்வாகத் தொங்கினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடிக்கும்.

சட்டம் சொல்வது

சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதி. ஒலி, புகை அளவுகளை மீறி ஓட்டினால், 2019-ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. லைசென்சும் 3 மாதத்துக்கு முடங்கும்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் இருக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி விதி சொல்கிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். 20 கூடினால் நான்கு மடங்கு!

எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், அந்த மாடலுக்கென்று கம்பெனி தரும் சைலன்சரையே போடுவது நல்லது. கன்வர்ட்டரில் கை வைக்கவே கூடாது. வண்டி ஓட்டத்தில் ஆசை இருப்பவர் அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடலாம். வேகத்தை அடக்கும் பிரேக்கு, வேகத்தைவிட முக்கியம்.

முழக்கம் கேட்க ஆசையா? அதற்கும் இடம் இருக்கிறது. முன்பு சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை அமைந்தது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் அந்த ஊர் வந்துவிடும். பந்தயக் கார் அங்கே முழங்கட்டும். அங்கே தூங்குகிற குழந்தை இல்லை.

சேக்காட்டுத் தெருவில் இருக்கிறது. அந்தக் குழந்தை நாளை பக்கத்து வீட்டில் மட்டும் அல்ல, கார் ஓட்டுகிறவர் வீட்டிலும் பிறக்கும். அன்று இன்னொருவர் கார் முழங்கிக்கொண்டு போனால், அவருக்கே கோபம் வரும். அந்தக் கோபத்தை இன்றே நினைத்துப் பார்த்தால், சைலன்சரில் கை வைக்க மனம் வராது.